பிழையான பக்கத்தில் அதிர்ந்த கால்

எனக்குப் பாரிசவாதம் வந்தது பாண் வரிசையில். எழுபதுகளில் திருகோணமலையில் பேக்கரி வாசலில் பாணுக்கு நிற்பது பல் தீட்டுவது போல அன்றாட வேலை. எனக்கு முன்னால் நான்கு பேர்தான் மிச்சம். இடது கால் யாரோ வேறொருவருடையது போல மடங்க, நிலத்தில் இருந்துவிட்டேன். தூக்க வந்தவர்களிடம், "என்னைத் தூக்குங்கோ, இடத்தை விடாதேங்கோ" என்றேன். வாய் கோணியிருந்ததால், நான் கடவுளைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தார்களாம்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மூதூருக்கும் எங்கள் ஜெட்டிக்கும் இடையே கடலில் சனம் ஏற்றி ஓடிய ஒரு லாஞ்சியின் எஞ்சின்காரன் நான். ஒரு மாதத்தில் வாயும் கையும் திரும்பி வந்தன. பாதம் வரவில்லை. நடக்கும்போது முன்பகுதி தொங்கி, பெருவிரல் மணலில் கோடு கீறியது. ஜெட்டியிலிருந்து லாஞ்சிக்குப் போடும் பலகையில், வழுக்காமலிருக்கக் குறுக்கே ஏழு சட்டம் அடித்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் என் விரல் தடக்கும்.

லாஞ்சி முதலாளி மூதூர் முஸ்லிம்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

"தம்பி, பெருநாளுக்குச் சனம் அள்ளும். அதுக்கு முந்தின நாள் நீங்க தனியப் பலகை ஏறி வந்தா எஞ்சின் உங்களுக்கு. ஏலாட்டி இப்ப ஓட்டுற கிண்ணியா ஆளுக்குத்தான். கடல்ல உங்களப் பிடிச்சிக்கிட்டு நிக்க எனக்கு ஆளில்ல."

"ஓடியே வருவன் நானா" என்றேன். அவர் போன பிறகு வாசற்படியைத் தாண்டிப் பார்த்தேன், அதிலும் விரல் தடக்கியது.

ஆசுபத்திரிக்குக் கிழமைக்கு ஒருநாள் உடற்பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் வருவார். அவரிடம் இஸ்திரிக்கைப் பெட்டி அளவில் ஒரு மெஷின் இருந்தது. சுவரில் செருகினால் வண்டு போல இரைந்து அதிரும். வயரைக் கண்டதும் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்று முடிவு செய்து, மனைவியின் கையைப் பிடித்து, "பிள்ளையளை நல்லாப் பார்" என்றேன்.

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லையேயப்பா" என்றாள்.

மிஸ் சிரிக்கவில்லை. "கரண்ட் இல்லை ஐயா, வெறும் அதிர்வு. படுத்துக்கிடக்கிற தசையைத் தட்டி எழுப்பும். எழும்பின கையோட நடக்கோணும். நடக்கிறதுதான் வைத்தியம்."

முழங்காலுக்குக் கீழே பத்து நிமிடம் பிடித்தார். பாதம் ஒரு விரற்கடை மேலே எழும்பியது. 'நடக்கிறதுதான் வைத்தியம்' என்ற பகுதியை நான் அந்த இடத்திலேயே மறந்துவிட்டேன். கிழமைக்குப் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? இருபது வருடம் எஞ்சினோடு குடும்பம் நடத்தியவனுக்கு அதிர்வுக்கா பஞ்சம்?

ஜெட்டிக்குப் பக்கத்துப் பட்டறையில், பழுது பார்த்த எஞ்சின் ஒன்றை மரச்சட்டத்தில் ஏற்றி, பகல் முழுக்க ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக் கதிரை போட்டு, கெண்டைக்காலை அந்தச் சட்டத்தில் சாய்த்தேன். திரும்பி இருந்தால் முகத்துக்கு நேரே புகை. இப்படி இருந்தால் கடற்காற்று. அதிர்வில் முன்பக்கம் என்ன, பின்பக்கம் என்ன?

"அண்ணை, நாங்கள் எஞ்சினைப் பழுது பாக்கிறமோ, உங்களைப் பாக்கிறமோ?" என்றார் பட்டறைக்காரர்.

"ரெண்டுக்கும் ஒரே டீசல்தானே, பாரும்."

ஒரு கிழமை, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். எட்டாம் நாள் காலை எழுந்தால் இடது குதிகால் நிலத்தில் படவே மறுத்தது. முற்றத்தில் நடந்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன இது? குதி உயர்ந்த சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரி மாதிரி நடக்கிறியள்!" என்றாள் மனைவி.

இரண்டாவது பாரிசவாதம் என்று கத்தி, பாய் விரித்துப் படுத்து, கண்ணை மூடினேன். மனைவி ஆட்டோவா தேடுவாள், அந்தக் காலத்தில் ஏது ஆட்டோ. மாட்டு வண்டியில் ஏற்றினாள். நல்லவேளையாக அன்று மிஸ் வரும் நாள்.

"வீட்டில ஏதும் புதுசாச் செய்தனீங்களோ?"

"ஒண்டும் இல்லை மிஸ்."

என் காலைத் திருப்பிப் பார்த்தார். கெண்டைக்காலில் கரிய எண்ணெய் ஒரு சாண் நீளத்துக்கு ஊறியிருந்தது.

"அப்ப இது என்ன?"

சொன்னேன். இந்த முறை அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்தத் தசை அதிர்கிறதோ அது இறுகும். முன்னால் இருப்பது பாதத்தைத் தூக்குகிறது, பின்னால் இருப்பது கீழே அழுத்துகிறது என்று விளக்கினார். "நீங்கள் அழுத்துறவனுக்கு ஒரு கிழமையா விருந்து வைச்சிருக்கிறியள். தூக்கிறவன் பட்டினி."

பட்டறையை விடச் சொல்வாரென்று பயந்தேன். சொல்லவில்லை. "போங்கோ. ஆனா முன்பக்கம். பத்தே பத்து நிமிசம். உடன எழும்பி நடக்கோணும்."

அன்றிலிருந்து மூக்கில் புகை, கணைக்காலில் சட்டம். வீட்டு முற்றத்தில் மனைவி ஏழு விறகுக் கட்டையை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் நான் தடக்கும்போது பெரிய குரலில் எண்ணினாள். அயலட்டை முழுவதற்கும் என் கணக்குத் தெரிந்திருந்தது. நாலாம் கிழமை அவளுக்கு எண்ண அதிகம் இருக்கவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் ஜெட்டியில் கால் வைக்க இடமில்லை. முதலாளி லாஞ்சியில் நின்று பார்க்கிறார். நான் பலகையில் ஏறினேன். ஐந்து சட்டம் தாண்டினேன். ஆறாவதில் விரல் தடக்கியது. கீழே தண்ணீர் தெரிந்தது. எனக்குப் பின்னால் கோழிக்கூடையோடு நின்ற மூதூர்ப் பெண் ஒருத்தி, என்னைத் தன் அண்ணனாக்கி, "காக்கா, போறதெண்டா போங்க, இல்லாட்டி விழுங்க. வெயில் ஏறுது" என்றாள். கோபத்தில் கால் தானாக எழும்பியது. உள்ளே நின்றேன்.

"ஏறியாச்சு. இனி இறங்கிக் காட்டுங்க" என்றார் முதலாளி.

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ஏறும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு செங்குத்தாகத் தெரிந்தது.

"சனம் காத்துக்கொண்டு நிக்குது நானா" என்று சொல்லி, நேரே போய் எஞ்சினை உயிர்ப்பித்தேன். மூதூரில் கடைசிக் கோழியும் இறங்கிய பிறகும் நான் எழும்பவில்லை.

"என்ன, இறங்கல்லயா?"

"எஞ்சின் சூடு பாக்கிறன்."

அவர் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கும் வந்து சூடு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் எங்கள் ஜெட்டியில் நான் எப்படி இறங்கினேன் என்பதை எழுதப் போவதில்லை. சட்டம் சட்டமாகக் குந்தி இருந்து இறங்கினேன் என்று மனைவி சொல்லித் திரிகிறாள், நம்புகிறவர்கள் நம்பட்டும்.