மாறாமல் போக ஒரு டிக்கெட்

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் போகும், எந்தத் தேதியில் கரை சேரும் என்று திட்டம் போடுகிற வேலை. நான் போட்ட திட்டம் தப்பாது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் தங்கை கல்யாணமாகி நியூஜெர்சியில் இருந்தாள். ரத்தப் புற்று. ஒரு திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை போன் செய்தார்.

"டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க மச்சான். பத்து நாளோ பதினஞ்சு நாளோங்கறாங்க. அம்மாவப் பாக்கோணும், அம்மாவப் பாக்கோணும்னு ஒரே பேச்சு. அத்தைய உடனே அனுப்பி வைங்க."

பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. "எந்த வண்டியா இருந்தாலும் ஏத்தி உடுண்ணா."

அப்பா இல்லை. எனக்கு விசா இல்லை, எடுக்க நேரமும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் இருந்தது. முந்தின வருஷம் தங்கையின் பேறுகாலத்துக்குப் போக எடுத்தது. கரு தங்கவில்லை, அந்தப் பயணம் நின்றுபோனது. இப்போது அம்மா தனியாகத்தான் கடல் தாண்ட வேண்டும்.

அன்றே டிராவல்ஸ் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க, பொதங்கெழமையே சென்னைல இருந்து ஒரு சீட் இருக்குதுங்க. பிராங்க்ஃபர்ட்ல எறங்கி வேற வண்டி மாறோணும். வியாழக்கெழம போய்ச் சேந்தரலாம். மாறாம நேராப் போறதுன்னா பம்பாய்ல இருந்துதான். அதுல அடுத்த திங்கக்கெழமதானுங்க எடம்."

"எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. நடுவுல எறக்கி உட்டா எங்க போவாங்க?"

"வீல்சேர்னு எழுதிட்டா அவங்களே தள்ளிட்டுப் போயி அடுத்த வண்டில ஏத்தி உட்ருவாங்க. எல்லாரும் அப்படித்தானுங்க அனுப்பறாங்க."

"எங்கம்மாவுக்குக் காலு நல்லாத்தான் இருக்குது" என்று எரிந்து விழுந்தேன்.

என் மனசில் ஓடியதெல்லாம் கொழும்புதான். அதற்குச் சில மாதம் முன்பு தூத்துக்குடியிலிருந்து போன எங்கள் சரக்கு கொழும்பில் கப்பல் மாறுவதற்காக இறக்கப்பட்டது. ஏற்றிப் போக வேண்டிய கப்பல் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போய்விட்டது. பெட்டிகள் பதினேழு நாள் துறைமுகத்திலேயே கிடந்தன. வெளிநாட்டுக்காரன் ஆர்டரை ரத்து செய்தான், முதலாளி என்னை நிற்க வைத்துக் கிழித்தார். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? அன்றிலிருந்து 'மாற்றி ஏற்றுவது' என்ற பேச்சே எனக்கு ஆகாது. பத்து நாள் கெடு என்றால் எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று முடிவு செய்தேன். பெற்றவளைப் பெட்டியாக நினைத்துப் போட்ட திட்டம் அது.

அம்மா முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டி, பழுது பார்த்து ஒதுக்குகிற வேலை. நான் சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொதங்கெழமையே போறேன் கண்ணு. மூலனூர் போறதுக்குத் தாராபுரத்துல பஸ்ஸு மாறறதில்லையா? ஒரு காயிதத்துல எழுதிக் குடு. ஆருகிட்டயாச்சும் காட்டிக் கேட்டுக்கறேன்."

"தாராபுரமும் அதும் ஒண்ணாம்மா? காணாமப் போயிட்டீன்னா நான் எங்க வந்து தேடறது? பேசாம இரு."

நான் சத்தம் போட்டால் அடங்கிப் போகிறவள்தான், அப்பா போன பிறகு அப்படி ஆகிவிட்டாள். திங்கட்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து பம்பாய் வரை நானும் கூடப் போவது, அங்கே ஏற்றிவிடுவது, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வந்து அழைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் மணிவாரியாக எழுதி ஃபைலில் வைத்தேன். நல்ல திட்டம். ஒரு ஓட்டை கிடையாது.

வெள்ளிக்கிழமை தங்கை போனில் பேசினாள். மூச்சு வாங்கியது. "அம்மா எங்க வந்திருக்காங்க?" என்று கேட்டாள். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "செவ்வாக்கெழம வந்தர்றேன் சாமி, பொறுத்துக்கோ" என்றாள். சனிக்கிழமை தங்கை போய்விட்டாள்.

அந்த நேர் விமானத்தில்தான் அம்மா போனாள், பிணம் பார்க்க. மாப்பிள்ளை அங்கே உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். பம்பாய் ஏர்போர்ட்டில் அம்மா என்னிடம் அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினாள். மாப்பிள்ளை எனக்குச் சொல்லாமல் கிடைத்த டிக்கெட்டைப் போட்டு ஏற்றிவிட்டிருந்தார். பிராங்க்ஃபர்ட்டில் ஒரு மாற்றம், பம்பாயில் இன்னொன்று. விமானம் கிளம்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. போனில் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவர், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் காலை ஏழு மணியிலிருந்து நின்றேன். எட்டரைக்கு அம்மா தங்கையின் துணிப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு, மற்றவர்களோடு நடந்து வந்தாள். ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன்.

"எப்படிம்மா மாறுன?"

"டிக்கெட்டுல இருக்கற எழுத்தும் நம்பரும் பலகைல எங்க போட்டிருக்குதுன்னு பாத்தேன். செக்கிங்ல லேபிள் பாப்பமே, அதாட்டந்தான். ஒத்துப்போன எடத்துல போயி உக்காந்துட்டேன். கூப்டாங்க, ஏறிக்கிட்டேன்."

கார் அவினாசி தாண்டியது. பிறகு சன்னலைப் பார்த்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அந்தப் பொதங்கெழமையும் மாறிப் போயிருப்பேன் கண்ணு. ரெண்டு நாளு அவகூட இருந்திருப்பேன்."

நான் டிரைவரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன்.