அப்பா மூக்கில் வைத்த மல்லாட்டை

என் ஏழாவது வயதில் மூக்குக்குள் ஒரு மல்லாட்டைப் பயறை, அதாவது நிலக்கடலைப் பருப்பை, ஒளித்து வைத்தேன். அதற்கு அத்தைதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோலியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விதைப்புக்கு முன்னால் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து விதை மல்லாட்டையை உடைக்கச் சொல்வார்கள். அப்பாவோடு பிறந்த அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். விதையைத் தின்கிறோமா என்று அடிக்கடி வந்து எல்லார் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். மூக்கைப் பார்க்க மாட்டாள் என்பது என் கண்டுபிடிப்பு. வைப்பதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது, எடுக்கத்தான் வரவில்லை. விரலை விட்டுத் துழாவத் துழாவ அது மேலே மேலே போனது.

முந்தின வருடம்தான் பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்கு இப்படிப் போன பயறு மூச்சுக் குழலில் இறங்கி, வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதனால் அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்து, மூக்கால் இழுக்காதே, வாயால் மூச்சு விடு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே விழுப்புரத்துக்கு மிதித்தார். கிளம்பும்போது ஒரு பயறைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் யாரையாவது பாம்பு கடித்தால், அடித்த பாம்பையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அந்த வழக்கம்தான்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. அவசரமாக வருகிறவர்களைப் பார்க்கும் அறையில் டாக்டர் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கம்பவுண்டர் இருந்தார். அவர் கையில் ஒரு நீளமான இடுக்கி இருந்தது. இரண்டு சிப்பந்திகள் அவரோடு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற கஞ்சி கொட்டி வெந்துபோன கையோடு ஒரு பெண் பெஞ்சில் முனகிக்கொண்டிருந்தாள். அவளையும் யாரும் பார்க்கவில்லை. அப்பா விஷயத்தைச் சொல்லி, மடியை அவிழ்த்துப் பயறை எடுத்து நீட்டியதும் மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“எவ்ளோ தூரம் போயிருக்குதுன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? அதை உன் மூக்குல வச்சிக் காட்டு. பாத்துக்கினு அப்புறம் எடுக்கிறேன்” என்றார் கம்பவுண்டர்.

மடைத் தண்ணீர்த் தகராறில் நாலு பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர் எங்கள் அப்பா. இந்த ஆளுக்கு இன்றைக்கு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அப்பா கம்பவுண்டரின் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வைக்கிறேங்க. பாப்பாவுக்கு ஜல்தி பாருங்க” என்றார்.

என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, இடது கையால் என் கண்ணை மூடினார். இடுக்கியைக் கண்டு நான் பயந்துவிடக் கூடாது என்பதற்காக மூடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விரல் சந்து வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. மூக்கில் பயறோடு அப்பா முகத்தை நிமிர்த்தி நின்றார். “எனக்குத் தெரியல, இந்தப் பக்கம் திரும்பு” என்றான் ஒரு சிப்பந்தி. திரும்பினார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. கெக்கெக்கே என்று வாய்விட்டுச் சிரித்தேன். பெற்ற பிள்ளையே சிரிக்கிறது பார் என்று அவர்கள் இன்னும் சிரித்தார்கள். கை வெந்த பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. டாக்டர் அந்த இடுக்கியை வாங்கி ஒரு நிமிடத்தில் பயறை எடுத்துவிட்டார். அப்பா அவரைக் கும்பிட்டார். வெளியே வரும்போது கம்பவுண்டரையும் கும்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் அவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். அத்தையிடம் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து, திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டுக் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோனேன். பந்தலில் மூக்கை நிமிர்த்தி நின்று அப்பா மாதிரியே நடித்துக் காட்டினேன். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை கழுவப் போகிறவர் மாதிரி எழுந்து போனார். பந்தி அப்போது தொடங்கவே இல்லை.

பல வருடம் கழித்து என் மகனுக்குக் கை ஒடிந்து வேறோர் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டுப் போட்டவன் என்னை வாய்க்கு வந்தபடி கேலி பேசினான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளையின் கை அவன் கையில் இருந்தது. அப்பா அன்றைக்குக் கம்பவுண்டரின் கையை எதற்காகப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய்ச் சொல்ல அப்பா இல்லை.

சூது வாது தெரியாத மனுஷர், ஏமாந்துபோய் மூக்கில் வைத்துக்கொண்டார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஏமாந்தவர் என் கண்ணை மூடியிருக்க மாட்டார்.