மலைக்காரர் ஆடிய ஒரே ஆட்டம்

எங்கள் ஊர்க் கபடி டீமைப் பற்றி ஆண்கள் டீக்கடையில் பேசுவார்கள். பெண்கள் நாங்கள் நடவில் பேசுவோம். இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்த வருஷங்கள் அவை. எனக்கு அப்போது இருபது வயது முடிந்திருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நாலைந்து வருஷமாக வயல் வேலைதான். தியாகதுருகத்துக்கும் எலவனாசூர்கோட்டைக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது ஊர். டீமுக்குக் கேப்டன் என் அண்ணன். டீம் ஜெயித்தால் நடவில் எனக்கு வெற்றிலை கிடைக்கும். தோற்றால் திட்டும் எனக்குத்தான்.

அந்த ஆடி மாசம் திட்டுதான் கிடைத்தது. எலவனாசூர்கோட்டையில் வெளியூர் டீம் ஒன்றிடம் நம் பிள்ளைகள் மோசமாகத் தோற்றுவிட்டு வந்தார்கள். ஒருவனுக்கு முழங்கை வீங்கியிருந்தது, இன்னொருவனுக்குப் பல் ஆடியது. மறுநாள் நாற்றுக்கட்டைப் பிரிக்கும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள். அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை, பக்கத்து நிலத்துக்காரி. புருஷன் போன பிறகு தனியாக நின்று விவசாயம் பார்த்தவள். எங்கள் வரிசையில் அவள்தான் முதல் ஆள்.

"உங்க அண்ணன் டீமுல ஏழு பேரு நிக்கிறானுங்களே, அதுல ஒருத்தனாச்சும் கெட்டியான ஆளு உண்டா? அவனுங்க முட்டியால இடிக்கிறானுங்க, இவனுங்க துணியத் தட்டிக்கினு எழுந்து வரானுங்க."

"மூணாம் நம்பரத் தூக்கணும் அத்த" என்றாள் எனக்கு அடுத்து நட்டவள். "கபடி பாடப் போறதுக்கு முன்னாடி தலை சீவுறான்."

"அவன் அப்பன் கடையிலதான் டீமுக்கு பனியன் எடுத்தாங்க. எப்பிடித் தூக்குவாங்க?"

குனிந்த முதுகு நிமிராமலே பேச்சு அந்தக் கடைசி வரப்பு வரைக்கும் போகும். யார் ஓடுவான், யார் பயப்படுவான், யாருக்கு வெயிட் கம்மி என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்வாள். ஆட்டம் நடக்கும்போது நாங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாது. தூரத்தில் களத்து மேட்டிலிருந்துதான் பார்ப்போம். ஆனால் பார்த்தது ஒன்றும் தப்பாது.

அந்த வருஷம் எங்கள் கிணற்றை ஆழப்படுத்த கல்வராயன் மலையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேர். மோட்டார் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டு பொங்கித் தின்றார்கள். ஒருநாள் நான் அவர்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு போனேன். கீழே வெட்டிய கல்லை ஒரு பெரிய இரும்புத் தட்டில் வைத்து, கம்பி வடத்தால் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தட்டு கிணற்று வாய்க்கு வந்தபோது ஒரு பக்கத்துக் கொக்கி கழன்றுவிட்டது. தட்டு சாய்ந்தது. விளிம்பில் நின்ற ஒருவர் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். உயரம் இல்லாத, கறுத்த, ஒல்லியான ஆள். கத்தவில்லை. ஒரு கல்கூடக் கீழே விழவில்லை. மற்றவர்கள் ஓடிவந்து கட்டையைக் கொடுத்துத் தட்டை இழுத்து வைக்கும்வரை அப்படியே நின்றார். அவர் கால் இரண்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் சோறு போடும்போது அண்ணனிடம் சொன்னேன்.

"ண்ணா, கெணறு வெட்டுற ஆளுங்கள்ல ஒருத்தரு இருக்காரு. அவரப் போடு டீமுல."

"மலை ஆளுக்கு ஆட்டம் தெரியுமா?"

"புடிக்கத் தெரியும். மிச்சத்த நீ சொல்லிக் குடு."

அண்ணன் சிரித்தான். ஆனால் மறுநாளே கூப்பிட்டான். அவரும் வேலை முடிந்து குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு திடலுக்கு வந்தார். பேர் என்ன என்று அண்ணன் கேட்டிருக்கலாம். எங்களுக்கு அது வந்து சேரவில்லை. பிள்ளைகள் அவரை 'மலை' என்றார்கள், நாங்கள் 'மலைக்காரர்' என்றோம்.

பத்து நாளில் அவர் பிடி ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பாடிக்கொண்டு வருபவனை அவர் இடிப்பதில்லை, தள்ளுவதில்லை. கணுக்காலைப் பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார். பாட்டு நின்று அவுட்டானவனைத் தானே தூக்கி நிறுத்தி, முதுகில் இருக்கும் மண்ணையும் தட்டிவிடுவார். இதுதான் நடவில் பெரிய தகராறு ஆகிவிட்டது.

"இது இன்னா புடி?" என்றாள் அத்தை. "வூட்டுக்கு வந்த மருமவனக் கவனிக்கிற மாதிரி தூக்கி வுடுறான். எதிராளிக்கு பயம் வரணும். ரத்தம் பாக்கணும். மலை ஆளுன்னா முரட்டு ஆளுன்னு நெனச்சேன்."

"வுடாம புடிக்கிறாரே அத்த, அது போதாதா?" என்றேன்.

"போதாது."

"அடிக்கிறவன் ரெண்டு தடவ அடிப்பான். மூணாவது தடவ அவனே வெளிய போவான். இவரு கடைசி வரைக்கும் நிப்பாரு."

வரிசை முழுக்க நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். காது சூடாகிவிட்டது. குனிந்து வேகமாக நட்டேன். அத்தை என்னை வித்தியாசமாகப் பார்த்தாள்.

ஆவணியில் தியாகதுருகத்தில் ஆட்டம். மூணாம் நம்பரை உட்கார வைத்துவிட்டு அந்தப் பனியனை மலைக்காரருக்குக் கொடுத்தார்கள். அது அவர் தொடை வரைக்கும் தொங்கியது. நாங்கள் பதினைந்து பேர் டிராக்டரில் போனோம். கோட்டை மலைப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர் டீமில் ஒரு பருத்த ஆள், முதல் தடவை பாடி வந்தபோதே முழங்கையால் மலைக்காரர் முகத்தில் குத்தினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"திருப்பிக் குடுடா" என்று அத்தை டிராக்டர் மேலே நின்று கூவினாள்.

அவர் பனியனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், இரண்டு டீமும் சமம். அதே ஆள் மறுபடியும் பாடிக்கொண்டு வந்தான். மலைக்காரர் காலைப் பிடித்தார். அவன் அவரை நடுக்கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனான், மற்றக் காலால் அவர் தோளில் உதைத்தான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவனுக்கு மூச்சு முட்டிப் பாட்டு நின்றது. ஜெயித்துவிட்டோம். அண்ணனும் மற்றவர்களும் குதித்துக்கொண்டிருக்க, இவர் அந்த ஆளின் முழங்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனால் நடக்க முடியவில்லை. தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய் அவன் ஆட்களிடம் விட்டார்.

திரும்பி வரும்போது அத்தை வெற்றிலையை மடித்து என் கையில் வைத்தாள். பிறகு, "கெட்டிதான்டி" என்றாள்.

அவர் என்னோடு ஒரே ஒரு தடவை பேசினார். ஆட்டத்துக்கு மறுநாள் காலை, வாய்க்கால் மடையில் நான் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். புருவத்தில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"நீங்கதான் அண்ணங்கிட்ட சொன்னீங்களா, என்னைய ஆட்டத்துக்குச் சேக்கச் சொல்லி?"

"ஆமா."

"எதுக்கு?"

"அன்னிக்கு தட்டப் புடிச்சீங்களே, பாத்தேன்."

அவர் கிணற்றுப் பக்கம் திரும்பினார். "அதுக்கு நேர் கீழ என் தம்பி நின்னுக்கிட்டிருந்தான்" என்றார். எனக்குக் கேட்க நூறு இருந்தது. உங்கள் ஊர் எது, இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள், கண் வலிக்கிறதா. ஒன்றும் கேட்கவில்லை. அவர் போய்விட்டார்.

அடுத்த ஆட்டம் களமருதூரில் நடப்பதாக இருந்தது. அந்த வாரம்தான் போராட்டம் வந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது. அண்ணனும் டீமில் பாதிப் பேரும் ரோட்டில்தான் இருந்தார்கள். பிறகு போலீஸ் ஊர் ஊராக வந்தது. ஆண்கள் கரும்புக் கொல்லையில் ஒளிந்தார்கள். வெளியாட்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து என்று பெரியவர்கள் சொன்னதும் அப்பா கிணற்று வேலையை நிறுத்திவிட்டார்.

ஆண்கள் இல்லாவிட்டாலும் நாற்று காத்திருக்காது. நாங்கள் நட்டுக்கொண்டிருந்தோம். வரப்பு மேல் அவர்கள் எட்டுப் பேரும் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கச்சிராயப்பாளையம் வரைக்கும் நடந்து, அங்கிருந்து மலையேற வேண்டும். அவர் மட்டும் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு, அத்தையிடம் பேசினார்.

"அண்ணங்கிட்டச் சொல்லிடுங்கம்மா. ஆட்டத்துக்குக் கூப்பிட்டா வருவேன்."

"சொல்றேன்பா. பாத்துப் போ. ரோட்டுப் பக்கம் போவாத" என்றாள் அத்தை. அவள் குரல் இறங்கியிருந்தது.

என் கையில் நாற்றுக்கட்டு இருந்தது. சேறு வழிந்துகொண்டிருந்தது. போய் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. வாய் வரவில்லை. அவர்கள் தென்னந்தோப்பைத் தாண்டும்வரை யாரும் நாற்று நடவில்லை, என்னையும் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தாடியோடு திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தான். டீமில் ஒருவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான், இன்னொருவன் கேஸுக்கு அலைந்துகொண்டிருந்தான். பொங்கலுக்காவது ஆடுவீர்களா, மலைக்கு ஆள் அனுப்பலாமா என்று நான் கேட்டேன்.

"டீமே இல்ல. யாரு கூட ஆடுறது பாப்பா?" என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

தை மாசத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ரொம்ப வருஷம் கழித்து, பிள்ளைகள் பெரிதான பிறகு, அருவி பார்க்க எல்லோரும் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இப்போது அவர் வயது இருக்கக்கூடிய ஒவ்வொரு ஆணின் புருவத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சாமை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், முன்னே மலைக்குக் கீழே கிணறு வெட்டப் போவாரே ஒருத்தர், கபடிகூட ஆடுவாரே, தெரியுமா என்று கேட்டேன்.

"கெணறு வெட்ட எல்லாரும்தான் போனாங்க. பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

பஸ்ஸில் மலை இறங்கும்போது வீட்டுக்காரர் கேட்டார், "யாரத் தேடுன?"

"எங்க ஊரு டீமுல ஒருத்தரு ஆடுனாரு. ஒரே ஒரு ஆட்டம்."

"நல்லா ஆடுவாரா?"

சொன்னேன். ஏழு பேரும் எங்கே நிற்பார்கள், மூணாம் நம்பரை ஏன் உட்கார வைத்தோம், அந்தப் பருத்த ஆள் அவரை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வளைவு தாண்டி, கீழே நெல் வயல் தெரியும்வரை சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "சந்தை அன்னிக்கு இன்னொரு தடவ வந்து விசாரிக்கலாமா? எல்லா ஊரு ஆளும் எறங்கி வருவாங்களே" என்றார்.

அடுத்த வாரம் களை எடுக்க ஆள் சொல்லியிருந்தோம். அதைச் சொன்னேன். சரி, அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் கூப்பிட்டபோதே அந்தச் சந்தைக்குப் போயிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.