நகத்தில் நிற்காத தண்ணீர்

இந்தோனேசியாவில் எங்கள் பாண்டுங் நகரில் மதியமானால் மலையிலிருந்து மேகம் இறங்கி, பல்கலைக்கழகத்து ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு கட்டிடத்தின் தொழுகை அறையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. மாடியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் இமாஸ். முன்பு மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் சாயம் போட்டாள். கணவர் மவுத்தான பிறகு இங்கே வந்தாள்.

மெல்லிய கம்பி வலையை மருந்துநீரில் அமிழ்த்தி மின்சாரம் கொடுப்பாள். வலைமேல் கறுப்பாக ஒரு படலம் வளரும். பிளாஸ்டிக்தான், ஆனாலும் மின்சாரம் அதில் ஓடும். அதன்மேல் தண்ணீர் விட்டால் சேம்பிலையில் விட்டதுபோல முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அதே வலையை உப்புநீரில் வைத்து மின்சாரத்தை மாற்றிக் கொடுத்து எடுத்தால், முத்து மெல்லத் தளர்ந்து, படுத்து, வலைக்குள் இறங்கிவிடும். பிறகு திரும்பவும் முத்தாக்கலாம். ஜன்னலில் மேகம் நிற்க, அந்தத் துளி படுப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன்.

"நெத்தியைத் தரையில வச்சு சுஜூது செய்யற மாதிரி இருக்கு பாருங்க, தேத்தே," என்பாள் இமாஸ். நான் அவளுக்கு அக்கா முறை.

அன்று மதியத் தொழுகையான லுஹருக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்கு வந்தவள் கையை நீட்டியபடியே நின்றுவிட்டாள். வலையின் கம்பிமுனை கையுறையைக் குத்தியிருக்கிறது. மருந்துநீர் உள்ளே கசிந்து, சுட்டுவிரல் நகத்தில் கறுப்பாகக் காய்ந்திருந்தது. விழுந்த தண்ணீரெல்லாம் நகத்தைத் தொடாமல் உருண்டது.

"தண்ணி படலேன்னா ஒளு கூடாதே, தேத்தே. தொழுகை எப்படிக் கூடும்?"

"மருதாணி வைக்கறோமே?"

"அது வெறும் நிறம். இது படலம். நானே வளர்க்கறது, எனக்குத் தெரியாதா?"

சோப்பு, எலுமிச்சை, ஸ்பிரிட் எல்லாம் போட்டோம். போகவில்லை. மாடிக்குப் போனோம். அவள் கூட வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவி ரெங்கானிஸ் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேத்தே இமாஸ், நான் இத்தனை மாசமா செஞ்ச வலையெல்லாம் உரிஞ்சு உரிஞ்சு போகுது. உங்க நகத்துல மட்டும் என்னமா ஒட்டியிருக்கு. விரலைக் குடுங்க, என் ஆராய்ச்சியில சேர்த்துக்கறேன்."

"சேர்த்துக்கோ நெங். தொழுதுட்டுத் தரேன்." சின்னப் பெண்களை எங்கள் ஊரில் நெங் என்றுதான் கூப்பிடுவோம்.

ரெங்கானிஸ் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தில் உப்புநீர் ஊற்றி, இமாஸின் விரலை அதில் வைக்கச் சொன்னாள். டார்ச் பேட்டரியின் ஒரு கம்பியை நகத்திலும் மறு கம்பியை நீரிலும் தொட வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து நல்ல தண்ணீர் விட்டாள். துளி நகத்தின்மேல் பரவிப் படுத்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வழி திறந்ததே என்று நினைத்தேன்.

இமாஸ் நகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "அழகா இருக்கு நெங். ஆனா மேலேதானே நனைஞ்சிருக்கு? அடியில நகம் நனையுமா?"

ரெங்கானிஸ் யோசித்தாள். "அடியில போகாது. மேல்முகம்தான் மாறும்."

"அப்ப இது ஆகாது." குரலில் கோபம் இல்லை. "தினமும் இப்படி ஆச்சுன்னா நான் இந்த வேலையில இருக்க முடியாது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலைத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்ல அதிக நேரமில்லை; சொல்லிவிட்டால் லுஹர் நேரம் முடிந்துவிடும். ரெங்கானிஸ் உலோகத் தகடுகளை மெருகேற்றும் நைஸான உப்புத்தாளை எடுத்து வந்தாள். இமாஸ் நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்புத்தூள் மேசையில் உதிர்ந்தது.

"மெதுவா. நகமே போயிடப் போகுது," என்றேன்.

"நகம் வளரும் தேத்தே. லுஹர் போனா போனதுதான்."

நகம் மெலிந்து சிவந்து வந்தது. நான் செம்பிலிருந்து ஒரு துளி விட்டேன். உருளவில்லை. நகக்கண் வரைக்கும் ஊறியது. இமாஸ் அங்கிருந்த குழாயிலேயே ஒளு செய்துவிட்டுக் கீழே தொழுகை அறைக்கு ஓடினாள், படியெல்லாம் ஈரம் சொட்ட. அவள் தொழுது சலாம் கொடுத்து முடித்தபோதுதான் அசர் பாங்கு கேட்டது.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். இமாஸ் கையுறைக்குமேல் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் புது வலைகள் இருந்தன. ரெங்கானிஸ் அதே உப்புத்தாளால் அவற்றின் ஓரங்களையெல்லாம் தேய்த்து மழுக்கியிருந்தாள். விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். எங்கும் குத்தவில்லை.