உப்பளத்துக்காரருக்கு உப்பு

பெரியப்பாவின் மகள் ஃபார்மசி படித்து முடித்து, மரக்காணம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அக்கா வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி பஸ் ஏறியதை எங்கள் தெருவே நின்று பார்த்தது. பெரியப்பா மட்டும் பார்க்கவில்லை. உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும்.

அன்று வெயில் தாழ்ந்ததும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். தலைவலிக்கு மாத்திரை வாங்கவேண்டுமாம். அது எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் என்று எனக்கே தெரியும்.

கடையில் நல்ல கூட்டம். முறை வந்ததும் பெரியப்பா யாரோ போல, "தலவலி மாத்திரை ரெண்டு குடும்மா" என்றார்.

அக்காவும் யாரோ போலத்தான் கேட்டாள். "கெண்டைக்கால் இழுக்குதுங்களா?"

"இழுக்குது."

"காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

"ஒரு சொம்பு இருக்கும்."

"ஒண்ணுக்கு மஞ்சளா போவுதுங்களா?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. மகள் அப்பாவிடம் கேட்கிற கேள்வியா அது? பெரியப்பாவோ கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, கொஞ்சம் மஞ்சளாத்தான் போவுது" என்றார்.

"தண்ணி குடிக்காம தெனம் வலி மாத்திரை போட்டா கிட்னி கெட்டுடுங்க."

மாத்திரைக்குப் பதிலாக ஓர் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, பாட்டில் தண்ணீரில் கலக்கி நீட்டினாள். ஒரு வாய் குடித்த பெரியப்பா முகத்தைச் சுளித்தார்.

"நாள் பூரா உப்பு வாரிட்டு வரேன். எனக்கே உப்பு விக்கிறியா?"

கடையே சிரித்தது. கல்லாவில் இருந்த முதலாளியும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "மெதுவா குடிங்க. செத்த நேரம் உக்காருங்க. அப்பவும் வலிச்சா டாக்டரப் பாக்கணும்" என்று பெஞ்சைக் காட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டாள்.

பெரியப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார். இருட்டும் நேரத்தில் திரும்பும்போது தலைவலியும் இல்லை, கால் இழுப்பும் இல்லை. சைக்கிளை மிதித்தபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

"கேட்டியா? 'குடிங்க'ன்றா. 'உக்காருங்க'ன்றா."

வீட்டில் அக்கா அவரை வாப்பா, போப்பா என்றுதான் பேசுவாள்.

மறுநாள் தன்னோடு வேலை செய்பவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்ற பிறகும் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். பெரியம்மா எதுவும் கேட்கமாட்டாள். எனக்குத்தான் பயமாக இருந்தது. பெரியப்பாவுக்கு ஏதோ தீராத வியாதி, அக்கா அதை வீட்டில் மறைக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, அந்த மழைக்காலம் முழுக்க அவருக்காகச் சாமி கும்பிட்டேன்.