வாயைத் திறக்காததால் காரில் இருக்கிறேன்

இன்று மனைவிக்கு அறுபத்தைந்தாவது பிறந்தநாள். மகள் எங்களைப் பாட்டனி டவுன்ஸ் என்ற இடத்திலுள்ள ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்து வந்தாள். மேசையோடு சேர்ந்த இரும்புத் தட்டில், சமையற்காரர் நம் கண் முன்னே சமைக்கிறார். அதுவரை நல்லது.

பிறகு அவர் முட்டைப்பொரியலைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொருவர் வாய்க்கும் எறியத் தொடங்கினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. துண்டு என் மூக்குக்கண்ணாடியில் பட்டு மடியில் விழுந்தது. மேசையே சிரித்தது.

“அப்பா, இது இவையின்ரை ஷோ. சும்மா வாயைத் திறவுங்கோ,” என்றாள் மகள், வீடியோ எடுத்தபடி.

“சாப்பாட்டைக் கோப்பையிலை வைக்கச் சொல்லு. எறியிறதை நான் தின்னமாட்டன்.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “விருப்பமில்லையெண்டால் காருக்குள்ளை போய் இருங்கோ. எனக்குப் பசிக்குது.”

எழுந்து வந்துவிட்டேன். வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் முதல் எறியிலேயே பிடித்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் பசியென்று வந்து நின்றவருக்குக்கூட நாங்கள் சாப்பாட்டை எறிந்ததில்லை, கையில்தான் கொடுத்தோம்.

என்னில் பிழை என்று நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள். உள்ளே இன்னும் ஐஸ்கிரீம் வரவில்லை. எனக்கு வாசிக்க நேரமிருக்கிறது.