இரண்டு முறை 'பழுது இல்லை' என்று எழுதிய வாட்ச்

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அந்த இளைஞர் வாட்சைக் கவுண்டரில் வைத்தார். வைத்தார் என்பதைவிடத் தள்ளினார் என்பது சரி. புதிதாக வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத, தானாகச் சாவி ஏறும் ஸ்விஸ் வாட்ச். முள் ஏழு மணியில் நின்றிருந்தது.

"ஷூஃப்! பாரு, மறுபடி நின்னுபோச்சு. நீ ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்க, பழுது இல்லைன்னு. உன் கடையில ஓடுது. எங்க அப்பா வீட்டுல நிக்குது. நடுவுல இருக்கறவன் ஒருத்தன்தான்."

அவர் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன். நடுவில் இருப்பவன் என்று அவர் சொன்னது அவருடைய தந்தையின் டிரைவரை. பெயர் மாரிமுத்து, ஊர் அறந்தாங்கிப் பக்கம். வாட்ச் தந்தைக்கு மகன் கொடுத்த பரிசு. பணம் கட்டியது மகன். டெலிவரி எடுத்துப் போனதும், பிறகு பழுது பார்க்கக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போனதும் மாரிமுத்து.

2000-களின் நடுப்பகுதி. குவைத் நகரில் ஒரு வாட்ச் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் நான் டெக்னீஷியன். புது வாட்ச் வெளியே போகுமுன் செக் செய்வதும், திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதும் என் வேலை.

டெலிவரி செக்

இன்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக அந்த முறையை எழுதிவைக்கிறேன். விலை உயர்ந்த மெக்கானிக்கல் வாட்சை வாங்குகிறவரும் இதையே தன் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் வாட்சின் வெளிக்கூடான கேஸின் நம்பரும் கேரண்டி கார்டின் நம்பரும் ஒன்றா என்று பார்ப்போம். அடுத்து ஐகிளாஸை, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வைத்து டயல், முள், கண்ணாடியின் உள்பக்கம் ஆகியவற்றில் தூசியோ கீறலோ உண்டா என்று பார்ப்பது. சாவி கொடுக்கும் திருகான கிரவுனை ஒவ்வொரு நிலைக்கும் இழுத்து, தேதி சரியாக மாறுகிறதா என்று சோதிப்பது. டைமிங் மெஷினில் ஐந்து நிலைகளில் வைத்து, நாளைக்கு எத்தனை செகண்ட் கூடுகிறது, குறைகிறது என்று குறிப்பது. தண்ணீர் புகுகிறதா என்ற சோதனை. கடைசியாக முழுச் சாவி கொடுத்து, அசைக்காமல் மேசையில் வைத்து, எத்தனை மணி நேரம் ஓடி நிற்கிறது என்று பார்ப்பது. இந்த வாட்ச் நாற்பத்திரண்டு மணி நேரம் ஓடியது. நாளைக்கு நாலு செகண்ட் கூடுதல். இரண்டும் நல்ல கணக்கு. ஷீட்டில் 'பழுது இல்லை' என்று முதல் முறை எழுதியது அப்போதுதான்.

இதையெல்லாம் வாங்கியவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவருக்கு விளக்கி, செக் ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. குவைத்தில் அந்த விதி நடந்ததில்லை. அங்கே மருந்து வாங்க, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, கோட்டு தைக்க அளவுச் சட்டை கொடுக்க, எல்லாவற்றுக்கும் டிரைவர்தான் போவார். வாட்சுக்கும் டிரைவர்தான் வந்தார்.

"எங்க கையெழுத்துண்ணே?" என்று மாரிமுத்து கேட்டார்.

"இங்க. விளக்கம் கேட்டுக்கிட்டேன்னு போட்டிருக்கு."

"விளக்கம் சொல்லுங்க, போடுறேன்."

"சாவி கொடுக்க வேண்டாம். கையில கட்டிட்டா போதும், கை ஆடுற ஆட்டத்துல அதுவே சாவி ஏத்திக்கும்."

அவர் வாட்சைத் திருப்பிப் பார்த்தார். "கை ஆடணுமா?" என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதத் தகுந்தது என்று தோன்றவில்லை.

மேனேஜரின் வழி

சனிக்கிழமைக்கு வருகிறேன். மகன் எதிரிலேயே பின்மூடியைத் திறந்து, உள்ளே மெஷினின் நம்பரைக் காட்டினேன். கார்டில் எழுதியிருந்த மெஷின் நம்பரும் அதுவே.

"நம்பர் இருக்கு. சக்கரத்துல நம்பர் இருக்கா? ஸ்பிரிங்ல இருக்கா?" என்றார். "நல்ல பார்ட்டை எடுத்துட்டு வேற போட்டிருக்கான். ஃபஹாஹீல் சூக்ல, அந்தக் கடைத்தெருவுல, இதுக்குன்னே ஆள் இருக்கு. அவனும் இந்தியன், நீயும் இந்தியன். நீ காட்டுற நம்பரை நான் எப்படி நம்புறது?"

அந்தக் காலத்தில் இந்தச் சந்தேகம் பரவலாக இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளிருக்கும் ஒரிஜினல் பார்ட்டை உருவிவிடுவார்கள் என்று எல்லா நாட்டுக்காரர்களும் நம்பினார்கள். எல்லாச் சக்கரமும் ஒரிஜினல்தான் என்று நான் ஐகிளாஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நம்பாத ஒருவருக்கு அதைக் காட்ட வழி இல்லை.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் வர்கீஸ் சார் உள்ளிருந்து வந்தார். கோட்டயத்துக்காரர். கஸ்டமரைக் கையாளுவதில் கெட்டிக்காரர். வேறு புது வாட்ச் தருகிறோம் என்று உடனே சொல்லிவிட்டார். மகன் சரி என்றார்.

"ஆனா காரணம் எழுதி ரிப்போர்ட் வேணும். இன்னிக்கே வேண்டாம், திங்கட்கிழமை கொடு. வாட்சுல தப்பில்லைன்னா அவன் தப்பு. ரிப்போர்ட்டோட போலீஸ் ஸ்டேஷன் போவேன். ஹராமியை வீட்டுல வச்சுக்க முடியாது."

ஹராமி என்றால் அங்கே திருடன். திருட்டுக் கேஸ் என்று ஒன்று பதிவானால், மாரிமுத்து ஜெயிலுக்குப் போவார், பிறகு ஊருக்கு அனுப்பப்படுவார். வளைகுடாவில் எந்த நாட்டிலும் மறுபடி விசா கிடைக்காது. நான் இரண்டு முறை எழுதிய 'பழுது இல்லை' என்ற வரிதான் அதற்கான சாட்சி. எழுதும்போது அது வாட்சைப் பற்றிய வரி என்று நினைத்திருந்தேன்.

அவர் போனபின் வர்கீஸ் சார் சொன்னார்: "எடோ, நமக்கு இதோட தீர்ந்தது. பழசைக் கம்பெனிக்கு அனுப்பு. ரிப்போர்ட்ல 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுது."

"காரணம் தெரியலைன்னா அந்த ஆள் மாட்டிக்குவான் சார்."

"அவன் உனக்கு மச்சானா?"

"இல்ல சார். ரெண்டு நாள் கொடுங்க."

"திங்கட்கிழமை பத்து மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல, கேட்டோ."

இரண்டு நின்ற நேரங்கள்

வந்த வாட்சைத் தொடுமுன் முள் எங்கே நிற்கிறது, தேதி என்ன என்று எழுதிக்கொள்வது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை. நாட்குறிப்பைப் புரட்டினேன்.

புது வாட்சாக, முழுச் சாவியோடு, முதல் முறை கடையை விட்டுப் போனது திங்கள் மாலை ஐந்து மணி. நின்றது புதன்கிழமைத் தேதியில், பதினொன்றில். திரும்பி வந்து, சோதித்து, மறுபடி முழுச் சாவியோடு இரண்டாம் முறை போனது ஞாயிறு பகல் ஒரு மணி. நின்றது செவ்வாய்த் தேதியில், ஏழில். காலை என்று வைத்தால் இரண்டும் நாற்பத்திரண்டு மணி நேரம். இரவு என்று வைத்தால் ஐம்பத்து நாலு. அவ்வளவு நேரம் அந்த மெஷின் ஓடவே ஓடாது.

பார்ட் மாற்றிய வாட்ச் இப்படிக் கணக்காக நிற்காது. நான் கொடுத்த சாவி முழுதும் தீர்ந்து நின்றிருக்கிறது. கடையை விட்டுப் போனபின் அதில் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. அப்படியானால் அது யார் கையிலும் இல்லை; பெட்டியிலோ மேசையிலோ கிடந்திருக்கிறது.

மகனுக்குப் போன் செய்து கேட்டேன். "என்ன பேச்சு இது? நான் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் போறேன், அவர் கையிலதான் இருக்கு. ராத்திரிகூடக் கழட்டமாட்டேங்கறார்" என்றார்.

கையில் இருக்கிறது, சாவி ஏறவில்லை. வாட்ச் கையில் இருப்பதை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஞாயிறு மாலை நாலரைக்கு வரச் சொன்னார்.

ஃபஹாஹீல்

ஃபஹாஹீலில் இருந்த பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப்போக மாரிமுத்துவே வண்டி கொண்டுவந்தார். நின்றுபோன அதே வாட்ச் என் பையில் இருந்தது. கடற்கரை ரோட்டில் போனோம்.

"உன்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ணே. பாஸ்போர்ட்டச் சின்னவரு வாங்கி வச்சுக்கிட்டாரு."

"பெரியவர் வாட்சைக் கட்டிக்கிட்டு நாள் முழுக்க என்ன செய்வார்?"

"உக்காந்திருப்பாரு."

"நடக்க மாட்டாரா?"

"நடப்பாரு." என் பக்கம் திரும்பி, "நீங்க வாட்ச் ஆளா, போலீஸா?" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வீட்டை ஒட்டித் தனி வாசலோடு திவானியா. சாயங்காலங்களில் ஆண்கள் வந்து உட்கார்ந்து பேசும் கூடம். பெரியவர் மூலையில் திண்டில் சாய்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் கப்பலில் பம்பாய்க்குப் போய்வந்து வியாபாரம் செய்தவர். என்னிடம் நல்ல பம்பாய் ஹிந்தியில் பேசினார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாரிமுத்து வாசலோரம் நின்றார்.

வாட்சுக்குச் சாவி கொடுக்காமல், ஓட வைக்க மட்டும் இலேசாக ஆட்டி, பெரியவரிடம் கொடுத்தேன். வலது கையால் வாங்கினார். மடியில் இருந்த இடது கையின் மேல் வைத்து, வலது கையாலேயே செயினை நுழைத்து லாக் போட்டார். கஹ்வா என்ற அரபுக் காப்பி வந்தது. வலது கையால் குடித்தார். பேரீச்சம்பழத்தை வலது கையால் எடுத்தார். அது அங்கே வழக்கம்தான். தலைத்துணி நழுவியபோதும் வலது கையைத்தான் தோளுக்கு அப்பால் சுற்றிக் கொண்டுபோய் இடது பக்கத்தைச் சரிசெய்தார். இருபத்தைந்து நிமிடம் நான் அங்கே இருந்தேன். இடது கை மடியில் வைத்த இடத்திலேயே இருந்தது. மகன் அதைப் பார்க்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"காரணம் என்ன?" என்றார் மகன்.

உங்கள் தந்தையின் கை அசையவில்லை என்று சொன்னால் மாரிமுத்து தப்பிப்பார். அதை ஒரு மனிதரின் சொந்தக் கூடத்தில், அவர் மகன் எதிரில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் பெரியவரைப் பார்த்து ஹிந்தியில் சொன்னேன்: "பாபா, இந்த மாடல் சிலருக்கு வலது கையில் கட்டினால்தான் நன்றாக ஓடும்."

எந்தச் சர்வீஸ் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கஸ்டமரிடம் நான் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அவர் லாக்கைத் திறந்து வாட்சைக் கழற்றினார். வலது கையை நுழைத்தார். செயின் மணிக்கட்டில் தொங்கியது. லாக் போட வேண்டியது இடது கை. நான் அதை யோசித்திருக்கவில்லை. மகன் உதவுவதற்குக் குனிந்தார். பெரியவர் தலையை அசைத்து அவரைத் தடுத்துவிட்டு, வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"மாரி, இதர் ஆவோ."

மாரிமுத்து வந்து முட்டி போட்டு லாக்கைப் போட்டார். பழகிய கை. அதன் பிறகு பெரியவர் வலது கையால் இடது கையைத் தூக்கி, மகன் மடியில் வைத்தார். அரபியில் நாலைந்து வார்த்தை சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது 'ஹராமி' என்பதும் 'மாஃபி' என்பதும்தான். மாஃபி என்றால் இல்லை.

மகன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு மாரிமுத்துவிடம் ஏதோ கேட்டார், அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழி

"என்ன கேட்டார்?" என்றேன் வண்டியில்.

"எத்தனை மாசமாச்சுன்னாரு. எட்டுன்னேன்."

"எட்டு மாசமா யாருக்கும் தெரியாதா?"

"டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டப் பித்தான்லேர்ந்து நான்தானே போட்டுவிடுறேன். நடக்கும்போதும் அந்தக் கைய வலது கையால பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாரு. பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா அவங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சுக்குவாங்க, திவானியாவப் பூட்டிடுவாங்கன்னு பயம். சொல்லாதேன்னாரு."

"உன் மேல திருட்டுச் சந்தேகம் வந்த பிறகுமா?"

"ரெண்டு நாள் பொறு, நானே சொல்லிடுறேன்னாரு. ரெண்டு நாளு ரெண்டு வாரமாச்சு. அவருக்குக் கையும் வரல, வாயும் வரல." அவர் சிரித்தார். அப்புறம், "இன்னிக்கும் சொல்லலைன்னா நாளைக்கு நான் சொல்லியிருப்பேண்ணே. எனக்கும் வீடு வாசல் இருக்கு" என்றார்.

"சின்னவர் மன்னிப்புக் கேட்டாரா?"

"பாஸ்போர்ட்டக் கொடுத்தாரு."

எதை, எங்கே, எப்படிச் சோதித்தேன் என்று ஒவ்வொன்றாக எழுதிய ரிப்போர்ட்டைத் திங்கள் காலை ஒன்பதரைக்கு வர்கீஸ் சார் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தாடோ இது? ரிப்போர்ட்டா, கதையா? 'பழுது இல்லை'ன்னு ரெண்டு வார்த்தை போதாதா?"

"மேசையில மட்டும் பார்த்தா மேசையில பார்த்தேன்னு எழுதணும் சார்."

அதன் பிறகு நான் வேலையில் இருந்த வரை அப்படித்தான் எழுதினேன். 'டைமிங் மெஷினில் ஐந்து நிலை, வாட்சை ஆட்டிச் சாவி ஏற்றும் வைண்டரில் மூன்று நாள், பழுது காணவில்லை. அணிபவர் கையில் பார்க்கவில்லை.' கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்லி வெவ்வேறு மேனேஜர்கள் மூன்று முறை மெமோ கொடுத்தார்கள். மூன்றையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாக்கியத்தை நீக்கவில்லை.